இழுக்கும் காரும் இழுபடும் வீடும்

ஏற்றத்திலே பாரம் மிகுந்தால் குதிரை நின்றுவிடும். சவுக்கடி பட்டாலும் நகராது. மோட்டார்க் காருக்கு அந்தக் குணம் இல்லை. தன் எடையினும் மிக்க சுமையைப் பின்னே பூட்டினாலும் சமதரையில் அது முனகாமல் புறப்பட்டுவிடும். தன்னால் இயலாது என்பதை அது வெளிப்படுத்தும் வேளை பெரும்பாலும் காலங்கடந்த வேளையாகவே இருக்கும். மேலைநாடுகளிலே விடுமுறைக் காலத்தில் ஒரு சிறு வீட்டையே காரின் பின்னால் கொழுவிக்கொண்டு, மனைவி மக்களோடு ஊர் ஊராகச் செல்லும் வழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. எந்தக் காருக்கு எந்த வீடு பொருந்தும் என்ற கேள்வியும் அதே வயதினது. அதற்கு விடை கண்ட வரலாற்றில் பொறியியலுக்கு உள்ள பங்கு பெரிது. விபத்துக்களுக்கு உள்ள பங்கும் சிறிதன்று.

இவ்வீட்டுக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் கரவன். பாரசீக மொழியிலே பாலைவனத்தைக் கூட்டமாகக் கடக்கும் வணிகரைக் குறித்த சொல் அது. தமிழிலே சாத்து என்று வழங்கிய கூட்டம் எதுவோ அதுவே. கூட்டத்தைக் குறித்த சொல் காலப்போக்கில் கூட்டத்தாரின் கூண்டு வண்டிக்கும், பின்னர் நாடோடிகளும் வித்தை காட்டுவோரும் குடியிருந்த வண்டிக்கும் பெயராயிற்று. வறியோரின் இருப்பிடமாகிய அவ்வண்டியை வசதி படைத்தோரின் பொழுதுபோக்காக மாற்றியவர்களுள் முதலாக வைத்து எண்ணப்படுபவர் வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ். ஸ்கொத்லாந்திற் பிறந்த இவர் கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுவர்களுக்கான கடற்கதைகள் பல எழுதியவர். 1885ஆம் ஆண்டிலே பிறிஸ்டல் நகரத்து வண்டிக் கொம்பனி ஒன்றைக் கொண்டு ‘வாண்டரர்’ என்னும் வண்டியைக் கட்டுவித்து, இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ட்வைபோர்ட் என்னும் ஊரிலிருந்து ஸ்கொத்லாந்தின் வடக்கேயுள்ள இன்வர்னஸ் வரை ஏறத்தாழ 1,300 மைல் பயணஞ் செய்தார். சுமை ஏற்றிய நிலையில் அவ்வண்டி 2 தொன் அளவுக்கு இருந்தது. இழுத்தவை இரண்டு குதிரைகள். குறுகிய தெருக்களில் எதிரே வருவோரை எச்சரிப்பதற்காகப் பணியாள் ஒருவர் மூன்று சில்லுடைய மிதிவண்டியில் முன்னே சென்றார்.

ஸ்டேபிள்ஸுக்குப் பொருத்தம் என்பது எளிய கேள்வி. இரண்டு குதிரை போதாவிடில் மூன்றாவதை வாடகைக்குப் பிடிக்கலாம். இறக்கம் வந்தால் சில்லின் கீழே இரும்புக் கட்டை ஒன்றைச் செருகி, உருள விடாமல் இழுபடச் செய்யலாம். வேகமோ மனிதனின் நடையை விடச் சற்று மிகுந்தது. அந்த வேகத்திலே தவறு நேர்ந்தாற்கூட அதைத் திருத்திக்கொள்ள நேரம் உண்டு.

1907ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் கரவன் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் உறுப்பினர் பெரும்பாலும் குதிரைக்காரர்களே. முதலாம் உலகப் போர் முடிந்ததும் நிலைமை மாறிற்று. போர்க்களத்திலே வண்டி செலுத்தக் கற்ற இளைஞர் ஆயிரக்கணக்கில் வீடு திரும்பினர். பாரவண்டிகளுக்குப் பின்னே வேறு வண்டிகளைப் பூட்டி இழுக்கும் முறை அவர்களுக்குப் பழகிப் போயிருந்தது. 1919ஆம் ஆண்டிலே பேர்மிங்ஹாம் நகரத்தில் ரைலி என்னும் தந்தையும் மகனும் எக்கிள்ஸ் என்ற போக்குவரத்துக் கொம்பனியை வாங்கி, காரால் இழுக்கப்படும் கரவன்களைத் தொழில் முறையில் செய்யத் தொடங்கினர். ஒன்றைச் செய்து ஒருவருக்கு விற்பது என்ற நிலை போய், வரிசையாகச் செய்து சந்தைக்கு அனுப்புவது என்ற நிலை அப்பொழுதே பிறந்தது.

அக்காலத்தவர் கவலை முழுவதும் இழுவிசையைப் பற்றியதாகவே இருந்தது. மேட்டிலே ஏறுமா, ஏறாதா? இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. எட்டடிக்கு ஓரடி உயரும் சரிவிலே ஏறுவதற்கு, மொத்த எடையில் எட்டிலொரு பங்கு விசை வேண்டும். 20 அந்தர் எடையுள்ள கார் தனியே ஏறினால் இரண்டரை அந்தர் விசை போதும். 15 அந்தர் எடையுள்ள கரவனை அதனோடு பூட்டிவிட்டால் நாலு அந்தருக்கு மேல் வேண்டும். காற்றின் எதிர்ப்பும் சில்லுகளின் உராய்வும் இதற்குப் புறம்பானவை. எஞ்சினில் விசை இருந்தாலும் கிளச்சு எரியலாம். கிளச்சு தாங்கினாலும் நீர்த்தொட்டி கொதிக்கலாம். அக்காலத்து ஃபோர்ட் ‘டி’ காரிலே ஆசனத்தின் கீழிருந்த தொட்டியிலிருந்து பெற்றோல் தன் பாரத்தாலேயே எஞ்சினுக்கு வழிந்தோடியது. தொட்டியிலே எண்ணெய் குறைந்த வேளையில் செங்குத்தான மேட்டில் ஏறினால் எஞ்சின் உயர்ந்து தொட்டி தாழ்ந்துவிடும், எண்ணெய் செல்லாது. ஆகவே காரைத் திருப்பிப் பின்புறமாகவே மேட்டில் ஏற்றுவார்கள். கரவன் பூட்டிய ஒருவருக்கு இந்த உபாயமும் இல்லை.

ஏறுவதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இறங்குவதைப் பற்றி அவ்வளவு எண்ணினார்களில்லை. 1920களின் நடுப்பகுதி வரை பல கார்களுக்குப் பின் சில்லுகளில் மட்டுமே பிறேக்கு இருந்தது. தன்னை நிறுத்துவதற்கே போதாத பிறேக்கைக் கொண்ட காரின் பின்னே, தனக்கென நல்ல பிறேக்கு இல்லாத வீடொன்று தள்ளிக்கொண்டு வந்தால் நேர்வது என்ன என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மெதுவாகச் சென்றமையே அக்காலத்தவரைக் காத்தது என்று சொல்வது மிகையாகாது.

இதற்கு மாற்று கண்டவர்கள் இரு வழியிற் சென்றனர். ஒரு வழி, வீட்டை இலேசாக்குவது. 1922ஆம் ஆண்டில் வெளிவந்த ஒஸ்ரின் செவன் என்னும் சிறு கார் ஏறத்தாழ 7 அந்தர் எடையே உடையது. நடுத்தர வருவாயுள்ள குடும்பங்கள் பல முதன்முதலாகக் கார் வாங்கியது அதனாலேயே. அத்தகைய கார் இழுக்கக்கூடிய வீடு எப்படிப்பட்டதாய் இருக்க முடியும்? பலகைச் சுவருக்குப் பதிலாக மெல்லிய ஒட்டுப்பலகை; கனத்த கூரைக்குப் பதிலாகத் துணி. பகலில் இருக்கையாக இருப்பது இரவில் படுக்கையாக மாறும். உயர்ந்த தட்டையான முகப்பு காற்றை எதிர்த்து நிற்பதைக் கண்டு, அதைச் சாய்த்தும் வளைத்தும் கட்டத் தொடங்கினர்.

ஜேர்மனியின் தெற்கேயுள்ள இஸ்னி என்ற ஊரிலே ஆரிஸ்ட் டெத்லெப்ஸ் என்பார் சவுக்குகளும் பனிச்சறுக்குக் கோல்களும் செய்யும் குடும்பத் தொழிலை நடத்தி வந்தார். விற்பனைக்காக நெடும்பயணஞ் செய்ய வேண்டிய அவரைப் பிரிந்திருக்க அவர் மணக்க இருந்த பிரிடல் எடெல்மான் விரும்பவில்லை. ஓவியரான அப்பெண்மணி, இருவரும் ஒருங்கே செல்வதற்கும் தாம் வரைவதற்கும் ஏற்ற நாடோடி வண்டி போன்ற ஒன்று வேண்டும் என்றார். 1931ஆம் ஆண்டில் டெத்லெப்ஸ் தம் காருக்குப் பொருத்தமாகவே ஒரு வீட்டைச் செய்தார். அதன் கூரை, தங்குமிடத்தில் உயர்த்தப்படுவது, பயணத்தில் தாழ்த்தப்படுவது. கார் முதலில், வீடு பின்பு என்ற முறையான வரிசையை இங்கே காண்கின்றோம். பிற்காலத்திலே கடைக்குச் சென்று, மனத்துக்குப் பிடித்த வீட்டை வாங்கிவிட்டு, வீட்டு வாசலில் நிற்கும் கார் அதை இழுக்குமா என்று விசாரித்தவர்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கினர். அவ்விதம் விசாரித்தவர்களுக்கு விற்பனையாளர் ‘இழுக்காது’ என்று விடை கூறியது அரிதாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது வழி, வீட்டுக்கே ஒரு பிறேக்கை அமைப்பது. இதில் பொறியியலாளர் கையாண்ட உபாயம் வியக்கத்தக்கது. முன்னே செல்லும் கார் வேகத்தைக் குறைக்கும்போது பின்னே வரும் வீடு காரைத் தள்ளுமல்லவா? அந்தத் தள்ளுதலையே தடுப்பாக மாற்றினர். கரவனின் கொழுக்கிக்குப் பின்னே உள்ளும் புறமும் நகரக்கூடிய தண்டு ஒன்று இருக்கும். வீடு முன்னோக்கி நெருக்கும்போது அத்தண்டு உள்ளே செல்லும். அது ஒரு நெம்புகோலை அசைக்கும். நெம்புகோல் கம்பியை இழுக்கும். கம்பி கரவனின் சில்லுகளிலுள்ள பிறேக்கைப் பிடிக்கச் செய்யும். எவ்வளவுக்கெவ்வளவு வீடு தள்ளுகின்றதோ அவ்வளவுக்கவ்வளவு அது தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும். இதில் ஒரு சங்கடமும் இருந்தது. காரைப் பின்னோக்கிச் செலுத்தினாலும் தண்டு உள்ளே சென்று பிறேக்குப் பிடித்துவிடும். ஆகவே சாரதி இறங்கி வந்து தாழ் ஒன்றைப் போட்ட பின்னரே பின்னோக்கிச் செல்ல முடிந்தது. அத்தாழைப் பின்னர் எடுக்க மறந்தவருடைய கரவனுக்குப் பிறேக்கு இல்லை என்பதே பொருள். தானாகவே விடுபடும் பிறேக்குகள் பின்னாளில் வந்து இக்குறையை நீக்கின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கரவன் பெருந்தொகையான மக்களின் பொருளாயிற்று. சாம் அல்பர் என்பவர் நிறுவிய ஸ்பிறைட் கொம்பனி, அலங்காரத்தைக் குறைத்து, விலையையும் எடையையும் குறைத்து, நியூமார்க்கட் என்னும் ஊரிலிருந்து ஆயிரக்கணக்கில் கரவன்களை அனுப்பியது. 1960ஆம் ஆண்டில் முன்னோடியாகிய எக்கிள்ஸையே அது வாங்கிவிட்டது. இழுக்கும் கார்களோ பலவகையின. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் ஏறத்தாழ 15 அந்தர். 1959ஆம் ஆண்டில் வந்த மினி 12 அந்தருக்குச் சற்று மேல். 1947இல் அறிமுகமான ஸ்டாண்டர்ட் வன்கார்ட் காரின் எஞ்சினோ பெர்கூசன் உழவு இயந்திரத்தின் எஞ்சினோடு ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. நிலத்தை உழுதது போலவே வீட்டையும் அது பொறுமையோடு இழுத்தது. இந்தக் கார்கள் யாவும் பாடசாலைக்கும் கடைக்கும் அலுவலகத்துக்கும் செல்வதற்காக வாங்கப்பட்டவை. ஆண்டில் இரண்டு வாரம் மட்டுமே அவை இழுவை வேலை செய்தன. சாரதியும் அவ்வாறே, ஐம்பது வாரம் பழகாத ஒன்றை, பிள்ளைகள் பின்னாசனத்தில் இருக்க, ஒரே நாளில் இருநூறு மைல் செய்ய வேண்டியவர் அவர்.

பிரித்தானியாவிலே கரவன் பூட்டிய கார்களுக்கு மணிக்கு 30 மைல் என்ற வரம்பு நெடுங்காலம் இருந்தது. பின்னர் அது 40 ஆயிற்று. 1958ஆம் ஆண்டிலே பிறெஸ்டன் நகரைச் சுற்றி முதலாவது மோட்டார்ப் பெருவீதி திறக்கப்பட்டது. மறு ஆண்டில் லண்டனிலிருந்து வடக்கே செல்லும் நெடிய பெருவீதியின் முதற்பகுதி திறக்கப்பட்டது. வளைவும் சந்தியும் இல்லாத அந்த வீதிகளிலே, அதுவரை மறைந்து கிடந்த ஒரு தீமை வெளிப்பட்டது. அதை ஆங்கிலேயர் பாம்பின் பெயரால் வழங்கினர்: கரவன் பாம்புபோல் நெளிதல்.

இந்த நெளிவைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். கார், கரவன் ஆகிய இரண்டும் ஒரு கொழுக்கியிலே இணைந்திருக்கின்றன. அந்த இணைப்பு எப்பக்கமும் திரும்பக்கூடியது. பக்கக்காற்று வீசியோ, பெரிய பாரவண்டி ஒன்று கடந்து சென்றோ கரவனின் பின்புறத்தை ஒரு பக்கம் தள்ளிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கரவனின் ரயர்கள் வீதியைப் பற்றிக்கொண்டு அதை மீண்டும் நேராக்க முயலும். நேரான இடத்திலே அது நிற்பதில்லை. ஊஞ்சல் நடுவிடத்தைத் தாண்டி மறுபக்கம் செல்வதுபோல அதுவும் மறுபக்கம் செல்லும். மெதுவான வேகத்திலே ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதை விடக் குறைந்து, இரண்டு மூன்று அசைவில் அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை குறைகின்றது. ஒவ்வொரு சோடிக்கும் ஒரு குறித்த வேகம் உண்டு. அவ்வேகத்தைக் கடந்தால் ஆட்டம் அடங்காது, வளரும். கரவனின் மூக்கு காரின் பின்புறத்தை இடமும் வலமும் அடிக்கும். காரின் பின் சில்லுகள் பிடி இழக்கும். இறுதியில் இரண்டும் மடிக்கும் கத்திபோல மடிந்து கவிழும். தொடக்கத்திலிருந்து முடிவு வரை செல்வது சில வினாடிகளே.

அவ்வேளையிலே மனித இயல்பு செய்யத் தூண்டுவன யாவும் தவறானவை என்பதே இதன் கொடுமை. சாரதி அஞ்சிப் பிறேக்கை அழுத்துவார். பின்னே வரும் வீடு முன்னே பாயும். சுக்கானைத் திருப்பி எதிர்க்க முயல்வார். அவர் திருப்பும் நேரம் ஆட்டத்தோடு ஒத்துப்போய் அதை மேலும் வளர்க்கும். வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று பழைய சாரதிகள் சிலர் கூறியதுண்டு; ஆட்டத்தை வளர்த்த வேகத்தையே மேலும் கூட்டும் அந்த யோசனை மிகவும் ஆபத்தானது. விசைமிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, சுக்கானை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விடுவதே முறை. பிரித்தானிய வீதி ஒழுங்குக் கோவையும் இதனையே விதித்திருக்கின்றது.

இனி, அந்தக் குறித்த வேகத்தை உயர்த்துவதும் தாழ்த்துவதும் எவை? இங்கேதான் பொருத்தம் என்ற சொல்லுக்கு முழுப்பொருள் கிடைக்கின்றது. மாட்டு வண்டிலில் பாரம் ஏற்றும் நம் நாட்டார் இதன் ஒரு பாதியை நெடுங்காலமாக அறிவர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு மேலே கிளம்பும். முன்பாரம் மிகுந்தால் கழுத்தை நெரிக்கும். கழுத்திலே நுகம் இலேசாக அழுத்தும்படி பாரத்தை அச்சுக்கு மேலே பரப்புவதே வண்டில்காரரின் கலை. கரவனும் அவ்வாறே. காரின் கொழுக்கியை அதன் மூக்கு ஓரளவு கீழ்நோக்கி அழுத்த வேண்டும். ஏற்றிய மொத்த எடையில் நூற்றுக்கு 5 முதல் 7 பங்கு வரை அந்த அழுத்தம் இருத்தல் நன்று என்பது பிரித்தானியரின் அநுபவம். அமெரிக்கர் தம் கனத்த கார்களுக்கு 10 பங்கும் அதற்கு மேலும் கொள்வர். அழுத்தம் குறைந்தால் நெளிவு விரைவில் வரும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயரும். முன் சில்லுகளாலே ஓடும் கார் மேட்டில் புறப்பட முடியாமல் சில்லு சுழலும். இரவிலே விளக்கொளி வானத்தை நோக்கும்.

வண்டில்காரர் அறியாத மறுபாதி ஒன்று உண்டு. மாட்டின் வேகத்தில் அதற்கு இடமில்லை. கனமான பொருள்களை முன்னும் பின்னுமாக இரு கோடிகளிலே வைத்தால் சமநிலை சரியாகவே இருக்கும். நிறுத்துப் பார்த்தால் குற்றங் காண முடியாது. ஆனால் ஆடத் தொடங்கிவிட்டால் அந்த இரு கோடிப் பாரம் எளிதில் அடங்காது. நீண்ட கோலின் இரு நுனியிலும் கல்லைக் கட்டிச் சுழற்றி நிறுத்துவதற்கும், அதே கற்களைக் கைக்கருகே கட்டிச் சுழற்றி நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆகையால் கனமானவை அச்சின் மேலேயும் தரையை ஒட்டியும் இருக்க வேண்டும். இங்கிலாந்திலுள்ள பாத் பல்கலைக்கழகத்தார் எடையையும் அச்சின் இடத்தையும் மாற்றக்கூடிய ஒரு சோதனை வண்டியைக் கட்டிக் காரின் பின்னே ஓட்டிப் பார்த்து, 2009ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். பாரம் எங்கே பரந்திருக்கின்றது, மூக்கு எவ்வளவு அழுத்துகின்றது, அச்சு எங்கே அமைந்துள்ளது என்பவை நெளிவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது அதில் விளங்கிற்று. நடுத்தரக் கனமுள்ள ஒரு வண்டியைத் தவறாக ஏற்றியவர், அதனினும் கனத்த வண்டியைச் சரியாக ஏற்றியவரை விட ஆபத்திலே இருக்கக்கூடும்.

ஆயினும் கனம் அற்பமன்று. நாய் வாலை ஆட்ட வேண்டும். வால் நாயை ஆட்டக்கூடாது. வீட்டின் எடை காரின் எடையை மிஞ்சினால், நெளிவு தோன்றிய வேளையிலே கட்டளையிடுவது வீடாகிவிடும். பிரித்தானியக் கரவன் கழகங்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் அறிவுரை இது: ஏற்றிய கரவனின் எடை, வெறுங்காரின் எடையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்டாதிருக்கட்டும், பழகியவர் ஆயினும் 100 பங்கைத் தாண்ட வேண்டாம். 85 என்பது சட்டமன்று, இயற்கை விதியுமன்று. அநுபவத்தால் வகுத்த ஓர் எல்லை. அதன் பயன் எளிமையிலே இருக்கின்றது. கார் 1,400 கிலோகிராம் என்றால் கரவன் 1,190 கிலோகிராமுக்குள் இருக்க வேண்டும். அதன் மூக்கு ஏறத்தாழ 60 முதல் 83 கிலோகிராம் வரை அழுத்தலாம். காரைச் செய்தவர் மூக்கு அழுத்தத்துக்கு 75 கிலோகிராமே எல்லை என்று விதித்திருந்தால் 75ஐக் கடக்கக்கூடாது.

காரைச் செய்தவர் விதிக்கும் இழுவை எல்லையைப் பலர் தவறாகப் பொருள்கொள்வர். ஐரோப்பிய விதியின்படி அவ்வெல்லை காண்பது எப்படியெனில், நூற்றுக்கு 12 பங்கு உயரும் சரிவிலே பாரம் பூட்டிய காரை நிறுத்தி, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை மீண்டும் புறப்படச் செய்து பார்ப்பது. மேட்டிலே புறப்பட இயலுமா என்பதற்கு அது விடை. பெருவீதியிலே மணிக்கு 60 மைல் வேகத்தில், பக்கக்காற்றில், இறக்கத்தில் நிலைத்து நிற்குமா என்பது வேறு கேள்வி. 1920களிலே இழுவிசையை மட்டும் எண்ணிய பழைய பழக்கம், புதிய எண்களின் போர்வையிலே இன்னும் உயிரோடிருக்கின்றது.

சட்டம் மெல்ல மெல்லவே வந்து சேர்ந்தது. 1970களிலே பிரித்தானிய அரசு, கரவன் எடை காரின் எடையை மிஞ்சாதிருந்து, இரண்டின் எடையும் வெளியே எழுதப்பட்டு, பின்புறத்தில் ‘50’ என்ற தகடும் பொருத்தப்பட்டிருந்தால் மணிக்கு 50 மைல் செல்லலாம் என்று அநுமதித்தது. பொருத்தத்தைக் கைக்கொண்டவருக்கு வேகத்தைப் பரிசாகக் கொடுத்த இம்முறை மிக நல்ல முறை. 1980களிலே பெருவீதிகளில் 60 மைல் அநுமதிக்கப்பட்டது. ஜேர்மனியர் பரிசு முறையை இன்னும் நுணுக்கமாக்கினர். அங்கே இழுவை வண்டிக்குப் பொது வரம்பு மணிக்கு 80 கிலோமீற்றர். 1998ஆம் ஆண்டு விதியின்படி, அதிர்ச்சி தாங்கி உள்ள கரவன் காரின் எடையில் நூற்றுக்கு 80 பங்குக்குள் இருந்தால் 100 கிலோமீற்றர் வரை செல்லலாம். நெளிவைத் தடுக்கும் கருவியும் இருந்தால் 100 பங்கு வரை கொள்ளலாம். கரவனின் ரயர்கள் ஆறாண்டுக்கு உட்பட்டவையாக இருத்தலும் வேண்டும். இரு நாட்டாரும் வெவ்வேறு வழியிலே வந்து ஏறக்குறைய ஒரே எண்ணிலே நிற்பது கவனிக்கத்தக்கது.

எண்கள் எவ்வளவு நுணுக்கமானவை ஆயினும் அவற்றை ஏமாற்றுவது வீட்டுக்குள்ளே இருக்கும் சாமான். தொழிற்சாலையை விட்டு வரும்போது உள்ள எடை ஒன்று. குடும்பம் புறப்படும்போது உள்ள எடை மற்றொன்று. ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். 40 லீற்றர் கொள்ளும் தொட்டியை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுபவர், போகுமிடத்திலே இலவசமாகக் கிடைக்கும் பொருளை மலையேற்றிச் செல்கின்றார். எரிவாயுக் கலன், மின்கலம், முற்றக் கூடாரம், நாற்காலிகள், தகரத்தில் அடைத்த உணவு என்று ஒவ்வொன்றாகச் சேரும். அளவு மீறினால் மயிலிறகாலும் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்திலே வள்ளுவர் எச்சரித்தது வண்டியை வைத்துத்தான். 1954ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளிவந்த ‘த லோங், லோங் றெய்லர்’ என்னும் நகைச்சுவைத் திரைப்படத்திலே, லூசில் போல் நடித்த புதுமணப்பெண் போகுமிடமெல்லாம் நினைவுக்காகக் கற்களைச் சேர்த்துக் கணவனறியாமல் வண்டிக்குள் ஒளித்துவைப்பாள். மலைப்பாதையிலே அக்கற்கள் உருள்வது பார்ப்போரைச் சிரிக்கவைத்தது. பார வண்டி நிறுக்கும் தராசிலே தங்கள் கரவனை முதன்முதலாக நிறுத்திப் பார்த்தோர் பலர் அவ்வாறு சிரிக்கும் நிலையில் இருந்ததில்லை.

அண்மைக் காலத்திலே மின்னணுக் கருவிகள் உதவிக்கு வந்துள்ளன. நெளிவு தொடங்குவதை உணர்ந்து, காரின் சில்லுகளை மாறி மாறிப் பிடித்து ஆட்டத்தை அடக்குவது ஒரு வகை. கரவனின் சொந்தப் பிறேக்கை ஒருகணம் பிடித்து அதைப் பின்னே இழுத்து நேராக்குவது மற்றொரு வகை. இரண்டும் உயிர் காப்பவை என்பதில் ஐயமில்லை. எனினும் தவறாக ஏற்றிய பாரத்தை அவை சரியாக்குவதில்லை. அதன் விளைவை ஓரளவு தள்ளிப்போடுகின்றன. ரயரின் பிடிக்கு மேல் எந்தக் கருவிக்கும் பலமில்லை.

சாரதி உரிமத்தின் வரலாறு வேறு திசையிற் சென்றது. 1997ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதிக்குப் பின் தேர்ச்சி பெற்றவர்கள் கனமான கரவனை இழுப்பதற்குத் தனித்தேர்வு ஒன்றில் சித்தியடைய வேண்டும் என்று பிரித்தானியாவிலே விதிக்கப்பட்டிருந்தது. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆந் தேதியோடு அத்தேவை நீக்கப்பட்டது. சாதாரண உரிமம் உடையவர் 3,500 கிலோகிராம் வரையுள்ள இழுவை வண்டியைப் பூட்டிச் செல்ல இப்பொழுது சட்டம் இடங்கொடுக்கின்றது. அத்தனை பாரத்தை அவருடைய கார் தாங்குமா என்பதைச் சட்டம் அவரிடமே விட்டுவிட்டது.

மின்சாரக் கார்கள் வந்த பின்னர் பழைய கணக்கே சற்றுத் தடுமாறுகின்றது. மின்கல அடுக்கின் கனத்தால் அவை எடை மிக்கவை. 85 பங்குக் கணக்குப் போட்டால் பெரிய வீடொன்றையும் இழுக்கலாம் போலத் தோன்றும். ஆனால் செய்தவர் விதித்த எல்லை அதனினும் மிகக் குறைவாக இருக்கலாம்; சில கார்களுக்கு இழுவை அநுமதியே இல்லை. அநுமதி உள்ளவற்றிலும் கரவனைப் பூட்டியதும் ஒரு முறை மின்னேற்றிச் செல்லக்கூடிய தூரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். வழியிலே மின்னேற்றும் நிலையங்களோ பெரும்பாலும் தனிக்கார் நுழைந்து நிற்கும் அளவினவாகவே கட்டப்பட்டுள்ளன. ஆகவே சாரதி கரவனைக் கழற்றி ஓரிடத்தில் நிறுத்தி, காரை மட்டும் கொண்டுசென்று மின்னேற்றி, திரும்பி வந்து மீண்டும் பூட்டி, கொழுக்கியையும் விளக்குக் கம்பியையும் சரிபார்த்துப் புறப்பட வேண்டியிருக்கின்றது.